முன் தண்டுக்காரரின் கொக்கு நடை

இடது கை விரல்களாலும் முன்பல்லாலும் கொளஞ்சிநாதன் தன் வலது மணிக்கட்டு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். சுரங்கத்து உடை மாற்றும் அறையில் இரும்பு அலமாரியின் கதவைத் திறந்து வைத்து, அதன் மறைவில் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தார். யாராவது உள்ளே வந்தால் ஷூ லேஸ் கட்டுவதுபோலக் குனிவார். அவர் போட்டிருந்த ஷூவில் லேஸே கிடையாது. அது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

முந்தின நாள் மாலைதான் நெய்வேலி டவுன்ஷிப்பில் அவர் குடியிருந்த பிளாக்கின் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டியிருந்தார்கள். மஞ்சளில் முக்கிய கயிறு, நடுவில் ஒரு விரலி மஞ்சள். கட்டியவர் பூசாரி. திருவிழா முடிந்து, பல்லக்கில் ஊர்வலம் போன அம்மன் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு அவரே அவிழ்ப்பார். அதுவரை காப்பு உடம்பில் இல்லாதவன் பல்லக்கைத் தொடக் கூடாது.

காலையில் பாதுகாப்பு அதிகாரி அவர் கையைப் பார்த்துவிட்டார்.

"கொளஞ்சி, இன்னா இது?"

"காப்புங்க சார். சாமி காப்பு."

"சாமியோ சங்கிலியோ, ஓடுற பெல்ட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கையில இது இருந்தா உள்ள விடமாட்டேன்."

அதிகாரி சொன்னதில் தப்பே இல்லை. நிலக்கரி போகிற பெல்ட் முதலில் கயிற்றைப் பிடிக்கும், கயிறு கையைப் பிடிக்கும், அப்புறம் பிடிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. லீவு போடலாம் என்றால், மைத்துனர் கல்யாணத்துக்கும் மைத்துனர் புது வீட்டில் பால் காய்ச்சியதற்கும் மைத்துனரின் மனைவிக்கு வளைகாப்புக்கும் போட்டு லீவு தீர்ந்துபோயிருந்தது.

முடிச்சு ஒருவழியாக அவிழ்ந்தது. கொளஞ்சிநாதன் கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பேன்ட்டை வலது முழங்காலுக்கு மேலே சுருட்டினார்.

"தாயே, நான் கழட்டல" என்று முணுமுணுத்தார். "இது வெறும் டிரான்ஸ்ஃபர். கையிலேருந்து காலுக்கு. திருவிழா முடிஞ்சதும் ரிலீவ் பண்ணிடறேன்."

மணிக்கட்டில் சுற்றுச் சுற்றாகக் கிடந்த கயிறு, முழங்காலுக்குக் கீழே ஒரே சுற்றுக்குத்தான் வந்தது. விரலி மஞ்சளை எந்தப் பக்கம் வைப்பது என்று கொஞ்சம் யோசித்தார். உள்பக்கம் வைத்தால் அடுத்த காலில் உரசும். முன்பக்கம் வைத்தால் முட்டி போடும்போது குத்தும். வெளிப்பக்கம் ஒரு எலும்பு மேடும் அதன் அடியில் ஒரு பள்ளமும் இருந்தன. விரலி மஞ்சள் அந்தப் பள்ளத்தில், அதற்கென்றே செய்ததுபோல, கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. கயிறு நழுவிக் கணுக்காலுக்கு வந்தால் அம்மனைத் தன் பாதத்தில் போட்ட பாவம் சேரும். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினார். இறுக்கியதற்கு மேல் இன்னொரு முடிச்சும் போட்டார்.

ஏன் இவ்வளவு பாடு என்றால், அந்த முன் தண்டுக்காகத்தான்.

கொளஞ்சிநாதன் குள்ளஞ்சாவடிப் பக்கத்து ஆள். வீட்டில் பிள்ளைகள் அதிகம்; அவர் நடுவில் எங்கோ பிறந்தவர். அப்பா அவரைக் கூப்பிடுவதற்கு முன் மற்றப் பெயர்களையெல்லாம் ஒரு சுற்றுச் சொல்லிவிட்டுத்தான் அவர் பெயருக்கு வருவார். பள்ளிக்கூடப் போட்டோவில் உயரமான ஒருவன் தோளுக்குப் பின்னால் அவருடைய ஒரு காது தெரியும். வெகுகாலம் கான்ட்ராக்டில் இருந்து பெர்மனென்ட் ஆனவர்களின் பட்டியலிலும் கடைசிக்குச் சற்று முன்னால் வந்தார். வேலையும் பெல்ட்டின் வால் பக்கத்தில்தான். உருளைகள் கரகரக்கின்றனவா என்று காது கொடுத்துக்கொண்டே நடப்பது. கல்யாணப் பந்தியில்கூட அவர் இலைக்கு வரும்போது அப்பளக் கூடை காலியாகும். இதற்கெல்லாம் அவர் வருத்தப்பட்டதில்லை, பழகிவிட்டது.

ஆனால் ஆடி மாதத்தில் ஒரு மாலை அவர் முதல் ஆள். அம்மன் பல்லக்கின் வலது முன் தண்டு அவருடையது. அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. நெய்வேலிக்கு எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்தவர்கள் சேர்ந்து கட்டிய கோயில் அது. பல்லக்குத் தூக்குகிறவர்களும் அப்படியே. ஆரம்ப வருஷங்களில் ஆளுக்கொரு நடை நடந்ததில் அம்மன் கப்பலில் வந்தவள்போல ஆடிவிட்டாள். அன்றிலிருந்து சட்டம் இதுதான்: வலது முன் தண்டுக்காரனின் கால்தான் எல்லோருக்கும் கால். அவன் எடுத்தால் எடுக்க வேண்டும், வைத்தால் வைக்க வேண்டும். மேளத்தைக்கூடக் கேட்கக் கூடாது. கொளஞ்சிநாதனின் கால் அதற்கென்றே அளவெடுத்ததுபோல ஒரே சீராக விழும். அந்த ஒரு மாலை, அவர் பின்னால் எல்லாக் காலும் வரும்.

மாலையில் ஷிப்ட் முடிந்ததும் இன்னொரு சிக்கல் நினைவுக்கு வந்தது. வெறும் கையோடு கோயிலுக்குப் போனால் கேட்பார்கள். மனைவி மலர்கொடியின் தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து முறுக்கி, மஞ்சள் பொடியில் புரட்டி, சமையலறை டப்பாவிலிருந்து ஒரு மஞ்சள் துண்டைச் சொருகி மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். ஷிப்டுக்குப் போகும்போது சுரங்க வாசலில் அதைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வார். இப்படியாக அவர் உடம்பில் இரண்டு காப்புகள் ஆயின. பொய்க் காப்பை ஊரே பார்த்துக் கும்பிட்டது. மெய்க் காப்பு காலில் ஒளிந்திருந்தது.

விரதம் என்று ஒரு வேளைச் சாப்பாடு. சாயந்திரம் பஜனையில் மணிக்கணக்கில் சம்மணம். தினம் இரண்டு வேளைக் குளியல். அதில் நனைந்து நனைந்து, முடிச்சு முருங்கை விதைபோல இறுகிவிட்டது. இந்த மூன்றும் சேர்ந்து அவர் காலுக்கு என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று பார்க்கத் தெரிந்த யாரும் அப்போது பக்கத்தில் இல்லை.

முதலில் கைவிட்டது செருப்பு. பால் வாங்கப் போகும்போது வலது செருப்பு தானாகக் கழன்று பின்னால் நின்றுவிட்டது. திரும்பிப் போய்ப் போட்டார். நாலடி போனதும் மறுபடி நின்றது. செருப்புப் பழசு என்று நினைத்துப் புதிது வாங்கினார். புதிய செருப்பும் அதே இடத்தில் நின்றது.

மறுநாள் குவார்ட்டர்ஸ் படியில் கால் கட்டைவிரல் இடித்தது. அதற்கு அடுத்த நாள் முன்பாதம் மேலே எழும்பவே இல்லை. துவண்ட கீரைபோலத் தொங்கியது. தொங்குகிற பாதம் தரையில் தேயாமல் இருக்க முழங்காலை அதிகமாகத் தூக்கினார். தூக்கிய காலை வைக்கும்போது பாதம் பட்டென்று விழுந்தது. வாய்க்காலில் மீன் தேடுகிற கொக்கு எப்படி நடக்குமோ அப்படி ஒரு நடை. கொக்குக்குச் சத்தம் வராது. இவருக்கு, டப்.

வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மலர்கொடி நிமிர்ந்தாள்.

"யாரோ ஈரத் துணிய தரையில அடிச்சிகினு வராங்கன்னு பாத்தேன். நீங்கதானா? இன்னா நடை இது?"

"சதை பிடிச்சிகினு கீது மலரு."

மலர்கொடி கீரையைக் கீழே வைத்தாள். பக்கவாதத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அவள் தங்கை போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். இதுவரை யார்மேலும் பரிசோதித்துப் பார்க்க வாய்ப்பு வரவில்லை.

"சிரிங்க."

"இன்னாத்துக்கு?"

"சிரிங்கன்னா சிரிங்க!"

கொளஞ்சிநாதன் சிரித்தார். வாய் கோணவில்லை.

"ரெண்டு கையையும் தூக்குங்க. ம். இப்ப முழுசா ஒரு பேச்சுப் பேசுங்க, குழறுதான்னு பாக்கணும்."

"பசிக்குது, சோறு போடு."

"நல்லாதான் இருக்கீங்க" என்று கீரையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

ஆனால் ஊர் அவ்வளவு சுலபமாக விடவில்லை. பால் பூத்தில் நின்ற ஒருவர் இது பித்தம் என்றார். இன்னொருவர் காலில் ஆணி, எருக்கம்பால் வைக்க வேண்டும் என்றார். கண் திருஷ்டி என்று ஒரு அம்மாள் எலுமிச்சம்பழத்தைச் சுற்றி எறிந்தாள். அது அவர் எழும்பாத காலில்தான் விழுந்தது. காரணம் கேட்டவர்களிடம் கொளஞ்சிநாதன் சேற்றில் சறுக்கினேன் என்றார், நாய் துரத்தியது என்றார், ஷூ சின்னது என்றார். இந்த மூன்று கதைகளையும் டீக்கடையில் ஒன்றாகச் சேர்த்து, சின்ன ஷூ போட்டுக்கொண்டு நாய்க்குப் பயந்து சேற்றில் சறுக்கியவர் என்று பேசிக்கொண்டார்கள்.

உண்மையான ஆபத்து அன்பாக வந்தது. பல்லக்கில் அவருக்கு நேர் பின்னால் தோள் கொடுப்பவர் குழந்தைவேல். நெல்லிக்குப்பத்துக்காரர், வயதில் இளையவர், மீசை பெரியது.

"அண்ணே, கால் சரியில்லாம எதுக்குக் கஷ்டப்படறீங்க? நீங்க பின்னால வந்துடுங்க. முன்னால நான் பாத்துக்கறேன். பாரம் சுமக்கறது பெருசில்லண்ணே, பாதை காட்டணும் பாருங்க."

"பாதை நான் காட்டறேன். நீ மீசைய காட்டு, போதும்."

சொல்லிவிட்டாரே தவிர, கொளஞ்சிநாதனுக்கு ஊர்வலத்தன்று நடக்கிற சோதனை நினைவுக்கு வந்தது. கோயில் கமிட்டித் தலைவர் குஞ்சிதபாதம் சிதம்பரத்துக்காரர், சட்டம் பேசுகிறவர். ஊர்வலத்தன்று மதியம் பல்லக்கில் அரிசி மூட்டை வைத்துக் கோயிலை ஒரு சுற்று நடக்கச் சொல்லிப் பார்ப்பார். அதில் கால் பிசகினவன் அந்த வருஷம் பின்னால் போக வேண்டும். ஒரு வருஷம் பின்னால் போனவன் மறுபடி முன்னால் வந்ததாகச் சரித்திரம் இல்லை.

மேல் வீட்டு ருக்சானா பிசியோதெரபி படித்தவள். பக்கத்து ஊரான வடக்குத்தில் ஒரு அறை எடுத்துச் சிகிச்சை செய்கிறாள். பகலெல்லாம் கால்களைப் பார்த்தும் அலுக்காமல், மாலையில் பால்கனியில் மலர்கொடியோடு டீ குடித்துக்கொண்டு ரோட்டில் நடக்கிறவர்களையும் பார்ப்பாள். டவுன்ஷிப்பில் சாயந்திரமானால் அகலமான ரோட்டில் மரத்தடியில் ரிட்டையர் ஆனவர்கள் எல்லாம் நடப்பார்கள். சர்க்கரையைக் குறைக்க நடப்பதாகச் சொல்லிக்கொண்டாலும், பாதிப் பேர் போண்டா கடை வரைக்கும்தான் போவார்கள்.

"அந்தத் தாத்தா பாருங்கக்கா, கையே வீசாம, தரையில ஒட்டிகிட்ட மாதிரி சின்னச் சின்னதா அடி வெச்சுப் போறார்ல, திரும்பறதுக்குக்கூட நின்னு நின்னு திரும்பறாரு. அது வயசு இல்ல. மூளையில ஒரு சத்து குறையற வியாதி. மகனைக் கூப்பிட்டு நரம்பு டாக்டர் கிட்ட அனுப்பிட்டேன்."

"பின்னால ஒரு அம்மா, லாரி சாயற மாதிரி சாஞ்சு சாஞ்சு வராங்களே?"

"அது இடுப்புச் சதையில பலம் இல்ல. ஒரு கால்ல நின்னா இடுப்பு அந்தாண்ட சரியும், அதுக்குத்தான் உடம்ப இந்தாண்ட சாய்க்கறாங்க. பயிற்சி குடுத்தா தேறும். சிவப்புச் சட்டைக்காரர் காலை வட்டமா வீசிப் போடறார் பாருங்க, அவருக்கு வாதம் வந்து தேறினது."

"அவரு? ரெண்டு காலையும் அகட்டி வெச்சுகினு, இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் போறாரே?"

"சில பேருக்குச் சிறுமூளைக் கோளாறால அப்படி வரும்" என்று ருக்சானா எட்டிப் பார்த்தாள். "இவருக்கு வேற. டாக்டர் வேணாம், அவர் வீட்டம்மா வந்தாப் போதும்."

அப்போது கீழே, டப்.

ருக்சானாவின் டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. டப். டப். கொளஞ்சிநாதன் கையில் புடலங்காயோடு கேட்டைத் தாண்டி, முழங்காலை இடுப்பு வரை தூக்கி, இல்லாத ஒரு தடுப்பைத் தாண்டுவதுபோல வந்துகொண்டிருந்தார்.

"மலரக்கா, அண்ணனுக்கு இது எத்தினி நாளா?"

"சதை பிடிச்சிருக்காம்."

"சதை பிடிச்சவங்க காலைக் கீழ வைக்கப் பயப்படுவாங்க. அண்ணன் தைரியமாத்தான் வைக்கறாரு, தூக்கத்தான் முடியல. வாங்க கீழ."

நாற்காலியில் உட்கார வைத்து, பாதத்தை மேலே தூக்கச் சொன்னாள். கொளஞ்சிநாதன் முகத்தில் இருந்த எல்லாச் சதையும் எழும்பியது, பாதம் மட்டும் எழும்பவில்லை. புறங்காலில் தொட்டு, தெரிகிறதா என்றாள். மரத்த மாதிரி இருக்கிறது என்றார். சர்க்கரை உண்டா, முதுகு வலி உண்டா, எங்காவது விழுந்தீர்களா, மாவுக்கட்டுப் போட்டீர்களா என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் இல்லை.

"அண்ணே, முட்டிக்குக் கீழ வெளிப்பக்கமா ஒரு நரம்பு எலும்ப சுத்திகிட்டு ஓடுது. பாதத்த மேல தூக்கறதே அதுதான். தோலுக்கு அடியிலேயே இருக்கு, மேல மெத்தை ஒண்ணும் கிடையாது. சும்மா கால் மேல கால் போட்டு ரொம்ப நேரம் உக்காந்தாக்கூட அழுங்கிடும். அந்த இடத்துல எதையாச்சும் இறுக்கிக் கட்டியிருக்கீங்களா?"

"நானா? இன்னாத்த கட்டப் போறேன்?" என்றார் கொளஞ்சிநாதன். குரல் மெலிதாக, கடைசியில் மேலே ஏறியது.

மலர்கொடிக்கு அந்தக் குரல் தெரியும். பலாப்பழத்தில் பாதியைத் தனியாகத் தின்ற அன்றும் இதே குரலில்தான் அணில் என்று சொன்னார்.

"பேன்ட்ட தூக்குங்க."

"விருந்தாளிப் பொண்ணு எதிர்ல..."

"அவ நாள் முழுக்கக் காலைத்தான் பாக்கறா. தூக்குங்க!"

கொளஞ்சிநாதன் இரண்டு கையாலும் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டார். மலர்கொடி கீழிருந்து இழுத்தாள், அவர் மேலிருந்து இழுத்தார், புடலங்காய் இரண்டாக ஒடிந்தது. கடைசியில் பேன்ட் மேலே ஏறியது. மஞ்சள் கயிறு தோலில் புதைந்து கிடந்தது. விரலி மஞ்சள், ருக்சானா சொன்ன அதே இடத்தில், நாற்காலி போட்டு உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருந்தது.

மலர்கொடி பேன்ட்டை விட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள்.

"ஆத்தாளக் கொண்டு போயி கால்ல கட்டிகினியே, பாவி மனுஷா!"

"டிரான்ஸ்ஃபர்தான் மலரு. பெல்ட்டுல கையில கட்டக் கூடாதுன்னுட்டாங்க."

"அப்ப கையில இருக்கறது?"

"டம்மி."

"என் தையல் நூலு!" என்றாள் மலர்கொடி. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ருக்சானா சிரிப்பை அடக்கிக்கொண்டு கத்தரிக்கோல் கேட்டாள். கொளஞ்சிநாதன் காலைத் தூக்கிக்கொண்டு நாற்காலிமேல் ஏறிவிட்டார்.

"அம்மா, வெட்டிட்டா நான் பல்லக்கத் தொட முடியாது. நாளைக்கு ஊர்வலம். ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?" என்றவர், கொஞ்சம் தணிந்து, "மத்த எல்லா இடத்துலயும் நான் கடைசிதாம்மா. ஒண்ணும் இல்ல, பழக்கம்தான். இது ஒண்ணுதான்" என்றார்.

ருக்சானா மலர்கொடியைப் பார்த்தாள். மலர்கொடி ஒடிந்த புடலங்காயைப் பார்த்தாள்.

"கயிறு இருக்கட்டும்" என்றாள் ருக்சானா. "மஞ்சளை மட்டும் இடம் மாத்தணும்."

தேங்காய் எண்ணெய் தடவி, கயிற்றை மெதுவாகச் சுழற்றி, மஞ்சளை வெளிப்பக்கத்திலிருந்து முன்பக்கம், முழங்காலுக்கு நேர் கீழே கொண்டுவந்தாள். நரம்பின் மேலிருந்த பாரம் இறங்கியது. கொளஞ்சிநாதன் உடனே பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். எழும்பவில்லை.

"நரம்பு என்ன லைட்டாண்ணே, சுவிட்ச் போட்டதும் எரிய? வாரக்கணக்காகும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா மாசக்கணக்கு. நாளை மறுநாள் கயிறு அவுந்ததும் நேரா ஆஸ்பத்திரிக்குப் போயி நரம்பைச் சோதிச்சுக் காட்டணும். காட்டுவேன்னு சத்தியம் பண்ணுங்க."

"டம்மி மேல பண்ணாதீங்க" என்றாள் மலர்கொடி.

மறுநாள் மதியம் ருக்சானா ஒரு எலாஸ்டிக் கட்டுத் துணியை, மலர்கொடி மஞ்சளில் முக்கிக் காயவைத்திருந்ததை, பாதத்தின் அடியில் கொடுத்துக் கணுக்காலுக்கு மேலே இழுத்துக் கட்டினாள். தொங்கிய முன்பாதம் நிமிர்ந்து நின்றது. பார்ப்பதற்கு ஏதோ வேண்டுதலுக்குக் கட்டியதுபோல இருந்தது.

"தடுக்காது. ஆனா முழங்காலை நல்லா தூக்கித்தான் வைக்கணும், அவசரப்படக் கூடாது. நீங்க விழுந்தா சாமியும் விழும், பின்னால இருக்கறவங்களும் விழுவாங்க. பக்கத்துலயே நான் வருவேன். கால் நடுங்கினா இறக்கிடணும்."

அரிசி மூட்டையோடு பல்லக்குக் கிளம்பியது. கொளஞ்சிநாதன் வலது முழங்காலை உயர்த்தினார். முன் தண்டின் கால்தான் சட்டம். பின்னாலிருந்த அத்தனை பேரும் வலது முழங்காலை உயர்த்தினார்கள். அவர் வைத்தார், எல்லோரும் வைத்தார்கள். டப். ஒரு பெரிய கொக்குக் கூட்டம் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கோயிலைச் சுற்றியது.

"நிறுத்துய்யா!" என்று குஞ்சிதபாதம் கத்தினார். "பல்லக்குத் தூக்கறீங்களா, சேத்துல எறங்கி நாத்து நடறீங்களா? கொளஞ்சி, காலுக்கு இன்னா?"

"கொஞ்சம் மரத்துப்போச்சுங்க."

"மரத்துப்போன கால் முன்னால நிக்கக் கூடாது. பின்னால போ. குழந்தைவேல், முன்னால வா."

கொளஞ்சிநாதன் தண்டின் கீழ் வைத்திருந்த துண்டை எடுத்து மடித்தார். மடித்ததையே திரும்ப மடித்தார். பின்னால் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் குழந்தைவேலின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பள்ளிக்கூடப் போட்டோ நினைவுக்கு வந்தது.

குழந்தைவேல் மீசையைத் தடவிவிட்டு, தண்டில் தோள் கொடுத்து, கம்பீரமாக வலது காலை எடுத்தார்.

முழங்கால் இடுப்பு வரை ஏறியது. பாதம் விழுந்தது. டப்.

"குழந்தைவேல்! உனக்கென்னய்யா?"

"எனக்கென்ன? நான் நேராத்தான் நடக்கறேன்" என்றார் குழந்தைவேல், அடுத்த காலடியையும் டப் என்று வைத்தபடி. பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "ஐயோ, எனக்கும் ஒட்டிகிச்சு!"

ருக்சானா ஓடிவந்து அவரை உட்கார வைத்துப் பாதத்தைத் தூக்கச் சொன்னாள். பாதம் நன்றாகவே எழும்பியது. அவள் மூக்கில் இடிக்கப் பார்த்தது.

"உங்க கால்ல ஒரு கோளாறும் இல்ல. வருஷக்கணக்கா அண்ணன் கால் போன மாதிரியே போயிப் பழகிட்டீங்க. பல்லக்கு தோள்ல ஏறினா உங்க காலுக்கு உங்க பேச்சு கேக்காது. அவ்வளவுதான்."

குஞ்சிதபாதம் நம்பவில்லை. அடுத்த ஆளை முன்னால் விட்டார், டப். அதற்கடுத்த ஆள், மதுரைப்பக்கத்துக்காரர், இடது காலையும் சேர்த்துத் தூக்கினார். "இப்படி நடங்கய்யா!" என்று தலைவரே முன்னால் வந்து நடந்து காட்டினார். இவ்வளவு நேரம் கூடவே நடந்து பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அவர் முழங்காலும் தூக்கிக்கொண்டது. வேட்டி தடுக்கியது.

பெண்கள் பக்கம் முதலில் சிரித்தது மலர்கொடிதான். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். தூக்கிய ஒரு கால் தரையில் படாமல் தலைவர் அப்படியே நின்றார். நின்றவர் முகத்தில் ஏதோ ஓடியது. சிதம்பரத்துக்காரருக்கு அந்த நிலை புதிதல்ல. அவர் பெயரே நடராஜர் தூக்கிய பாதத்தின் பெயர்.

"தில்லையில எங்கப்பன் ஒரு காலைத் தூக்கிகினுதான் நிக்கறான்" என்றார் மெதுவாகக் காலை இறக்கி. "அம்மனுக்கு மட்டும் ஆசையிருக்காதா? எல்லாரும் ஒரே மாதிரி வைக்கறீங்களா?"

"வைக்கறோங்க."

"அப்பச் சட்டம் மீறல. ஆனா முன்னால ஒரிஜினல்தான் நிக்கணும். கொளஞ்சி, வா."

மாலையில் அம்மன் கிளம்பினாள். ருக்சானா வலது பக்கம் கூடவே நடந்தாள், கண் முழுக்க அந்த ஒரு காலில். கொளஞ்சிநாதன் தூக்கினார், நிதானித்தார், வைத்தார். பின்னால் எல்லாக் காலும் தூக்கின, நிதானித்தன, வைத்தன. ஒவ்வொரு வருஷமும் பிளாக் முனையில் இருக்கும் வேகத்தடையில் யாருக்காவது கால் இடறும், அம்மன் ஒரு குலுங்கு குலுங்குவாள், கிரீடம் சாயும், பூசாரி திட்டுவார். இந்த வருஷம் அத்தனை முழங்கால்களும் ஏற்கெனவே வானத்தில் இருந்தன. பல்லக்கு வேகத்தடையைத் தாண்டியதே அம்மனுக்குத் தெரியாது. பூசாரி கிரீடத்தைப் பிடிக்க நீட்டிய கையைச் சும்மா மடக்கிக்கொண்டார்.

கூட்டம் கைதட்டியது. பிள்ளைகள் பின்னால் கொக்குபோல நடந்தார்கள். பெரிய கோயில்களில் சாமிக்குச் சிங்க நடை, பாம்பு நடை எல்லாம் உண்டு, இது கொக்கு நடை என்று யாரோ ஒருவர் விவரம் தெரிந்தவராகச் சொன்னார். பாதுகாப்பு அதிகாரி குடும்பத்தோடு வந்திருந்தார். அவரும் வேகத்தடையைப் பார்த்து, பல்லக்கைப் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டார்.

அம்மன் திரும்பி வந்து உட்கார்ந்ததும் கொளஞ்சிநாதன் தண்டிலிருந்து தோளை எடுத்தார். கால் நடுங்கவில்லை. கண்தான் கொஞ்சம் கலங்கியது. மலர்கொடி ஒரு சொம்பு மோரைக் கையில் திணித்து, "குடிங்க, அப்புறம் அழலாம்" என்றாள்.

மறுநாள் காலை காப்பு அவிழ்த்தார்கள். பல்லக்குக்காரர்கள் வரிசையாக நின்று கையை நீட்ட, பூசாரி ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தாம்பாளத்தில் போட்டுக்கொண்டு வந்தார். கொளஞ்சிநாதனின் மணிக்கட்டில் கை வைத்தவர் நூலை விரலால் நெருடிப் பார்த்தார்.

"இது நான் கட்டினது இல்லையே?"

கொளஞ்சிநாதன் ஒரு நொடி மலர்கொடியைப் பார்த்தார். பிறகு வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கி, வலது காலைக் கோயில் படியில் வைத்தார்.

"அது டம்மிங்க. நெசம் இங்க கீது. பெல்ட்டு வேலைக்காக எடம் மாத்திட்டேன். தப்புதான்."

வரிசை முழுக்க எட்டிப் பார்த்தது.  பின்னாலிருந்து பாதுகாப்பு அதிகாரியின் குரல் வந்தது.

"கையில கட்டக் கூடாதுன்னுதான் சொன்னேன். கால்ல கட்டச் சொல்லலையேப்பா."

"வேற எங்கங்க கட்டறது?"

 அடுத்த வருஷம் பெல்ட்டு வேலைக்காரர்களின் காப்பை ஊர்வலத்தன்று காலையில் கட்டிவிடுவது என்று தலைவர் அங்கேயே சட்டம் போட்டார். பூசாரி முடிச்சோடு கொஞ்ச நேரம் போராடிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். மலர்கொடி இடுப்பிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள். கறுக். விரலி மஞ்சள் தாம்பாளத்தில் விழுந்தது. இருந்த இடத்தில் அச்சுக் குத்தியதுபோல ஒரு பள்ளம்.

ருக்சானா அவரைப் படியிலேயே உட்கார வைத்தாள். ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டி, இரு முனையையும் பிடித்து உடம்பு பக்கம் இழுக்கச் சொன்னாள். தினம் காலையும் மாலையும் இதைச் செய்ய வேண்டும், சம்மணம் கூடாது, கால் மேல் கால் கூடாது என்றாள். கொளஞ்சிநாதன் துண்டை இழுத்தார். பக்கத்தில் குழந்தைவேல் வந்து உட்கார்ந்து தன் துண்டைத் தன் காலில் மாட்டிக்கொண்டார். அடுத்த வருஷ நடைக்கு இதுதான் பயிற்சி என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் பல்லக்குக்காரர்கள் அத்தனை பேரும் படி நெடுகத் துண்டை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"போதும், எழுந்திருங்க" என்றாள் மலர்கொடி. "ஆஸ்பத்திரிக்கு நேரமாவுது."

அவள் முன்னால் போனாள். கொளஞ்சிநாதன் பின்னால் போனார், டப், டப். துணைக்கு வருவதாகச் சொல்லிக் குழந்தைவேலும் சேர்ந்துகொண்டார். தோளில் பல்லக்கு இல்லாவிட்டாலும் முன்னால் கொளஞ்சிநாதனின் கால் இருந்தது.

டப்.

"நேரா நடய்யா!" என்றாள் மலர்கொடி, திரும்பிப் பார்க்காமல்.